மெயின்ஃப்ரேம் லினக்ஸ் கெஸ்ட்டுகளுக்குத் தின் ஒதுக்கீடு: இடத்தைப் பகிர்வதா, தரவைப் பகிர்வதா?

முருகன்குறிச்சியான் | திங்கள், காலை 10.15

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் மெயின்ஃப்ரேமில் இசட்விஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருள் மீது ஓடும் 40 லினக்ஸ் கெஸ்ட்டுகளை, அதாவது மெய்நிகர்க் கணினிகளை, கவனித்துக்கொள்ளும் குழுவில் இருக்கிறேன். ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் 3390 மாடல் 27 வட்டுகள் மூன்று கொடுத்திருக்கிறார்கள். ஒரு வட்டில் 32,760 சிலிண்டர்கள் (மெயின்ஃப்ரேம் வட்டின் அளவு அலகு). 4096 பைட் பிளாக்குகளாக வடிவமைத்த பின் கையில் நிற்பது ஏறத்தாழ 24.15 ஜிபி. மொத்தம் 120 வட்டுகள், 2.9 டிபி. ஆனால் எல்லாக் கெஸ்ட்டுகளிலும் உண்மையில் நிரம்பியிருப்பதைக் கூட்டிப் பார்த்தால் 870 ஜிபியைத் தாண்டவில்லை.

சேமிப்பகக் குழுவினர் இனி எல்லாவற்றையும் தின் ஒதுக்கீட்டுக்கு (எழுதும்போது மட்டும் பொது இருப்பிலிருந்து இடம் தரும் முறை) மாற்றிவிடலாம், அந்த இருப்பாக 1.5 டிபி பூல் ஒன்று போதும் என்கிறார்கள். இதே கூட்டத்தில் எங்கள் மேலாளர், "அப்படியானால் 40 கெஸ்ட்டுகளுக்கும் பொதுவாக ஒரே பெரிய தின் வட்டைக் கொடுத்து, செயலியின் கோப்புறையை அதில் வைத்துவிட்டால் ஷேர்ட் ஸ்டோரேஜும் ஆயிற்று அல்லவா" என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எனக்குத்தான் எங்கோ இடிக்கிறது. இது சரியா, தவறென்றால் எந்த இடத்தில் தவறு என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அம்பை அண்ணாச்சி | திங்கள், பகல் 12.40

தம்பி, உங்களுக்கு இடித்தது சரியான இடத்தில்தான். உங்கள் மேலாளர் இரண்டு வேறு கேள்விகளை ஒரே வாக்கியத்தில் கட்டிவிட்டார். பல கெஸ்ட்டுகள் ஒரே இருப்பிலிருந்து இடம் எடுத்துக்கொள்வது ஒன்று. பல கெஸ்ட்டுகள் ஒரே கோப்பைத் திறந்து எழுதுவது மற்றொன்று. முதலாவதில் கெஸ்ட்டுகளுக்குள் ஒருவரையொருவர் தெரிய வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவதில் ஒவ்வொருவரும் மற்றவர் என்ன எழுதினார் என்பதைக் கணத்துக்குக் கணம் அறிந்திருக்க வேண்டும். "ஷேர்ட்" என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் சொல்லிப் பழகிவிட்டதால்தான் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். இசட்விஎம்மில் மினிடிஸ்க் என்பது டைரக்டரியில் ஒரு வரி: இந்த வால்யூமில் இந்தச் சிலிண்டரில் தொடங்கி இத்தனை சிலிண்டர்கள் இந்தக் கெஸ்ட்டுக்கு என்று எழுதிவைப்பது. 1972இல் விஎம்370 வந்த நாளிலிருந்து அந்த அடிப்படை மாறவில்லை. அந்த வரியில் மெலிவும் இல்லை, தடிமனும் இல்லை. எல்லைக்கல் நட்ட வயல் போல அது நிற்கும். ஆகவே தின் என்பதை மினிடிஸ்க்குக்குக் கீழே, சேமிப்பகப் பெட்டிக்குள் கொண்டுவரலாம். அல்லது அதற்கு மேலே, லினக்ஸுக்குள் எல்விஎம் என்ற வட்டு மேலாண்மைக் கருவியால் கொண்டுவரலாம். மேலே கொண்டுவந்தால் அந்தப் பூல் அந்த ஒரு கெஸ்ட்டுக்கு மட்டுமே உரியது. அடுத்த கெஸ்ட்டுக்கு அதனால் ஒரு பிளாக்கும் மிச்சமாகாது. 40 பேரிடையே இடம் மிச்சமாக வேண்டுமென்றால் அது பெட்டிக்குள்தான் நடக்க வேண்டும்.

இந்த எண்ணம் எங்களுக்குப் புதிதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். இசட்விஎம்மின் பயனர் சூழலான சிஎம்எஸ்ஸின் ஷேர்ட் ஃபைல் சிஸ்டத்தில் ஒவ்வொரு பயனருக்கும் இத்தனை பிளாக் என்று உச்சவரம்பு எழுதுவோம். அது ஒதுக்கி வைத்த இடம் அன்று, எடுத்துக்கொள்ள அனுமதி மட்டுமே. வரம்புகளைக் கூட்டினால் ஃபைல் பூலில் உள்ள இடத்தைவிட அதிகமாகவே வரும். ஸ்வாப்புக்கு நாம் கொடுக்கும் வி-டிஸ்க் என்ற நினைவக வட்டும் அப்படித்தான்: ஒரு பக்கத்தை முதன்முதலாகத் தொடும்போதுதான் இசட்விஎம்மின் கருவான சிபி அதற்கு நினைவகம் தருகிறது. "தின்" என்ற பெயரைத்தான் பிறகு வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பூல் என்றால் குளம். குளத்தின் ஆயக்கட்டு ஏட்டில் இத்தனை ஏக்கர் என்று இருக்கும். கார் பருவத்தில் அத்தனை ஏக்கரும் ஒரே நாளில் மடை திறந்தால் கடைமடைக்காரர் பாடு என்னாகும் என்பதைக் கன்னடியன் கால்வாய்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏட்டில் உள்ள ஏக்கர் வேறு, பாபநாசத்தில் நிற்கும் தண்ணீர் வேறு. உங்கள் 2.9 டிபி ஏடு, 1.5 டிபி தண்ணீர்.

மேலப்பாளையத்தான் | திங்கள், பகல் 2.05

அண்ணாச்சியின் குளம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் அது ஏமாற்றிவிடும் என்பதால் குறுக்கிடுகிறேன். வயலுக்குப் போன தண்ணீர் வற்றிவிடும்; பிசானப் பருவத்துக்கு வடகிழக்குப் பருவமழை மறுபடி நிரப்பும். தின் பூலில் அப்படி எதுவும் தானாக நடப்பதில்லை. கெஸ்ட்டுக்குள் 10 ஜிபி கோப்பை அழித்தாலும் அந்த 10 ஜிபி பூலுக்குத் திரும்பி வராது. கோப்பு முறைமை தன் குறிப்பேட்டில் "காலி" என்று எழுதிக்கொள்ளும். கீழே இருப்பவருக்கு அந்தச் செய்தி போவதே இல்லை. டிஸ்கார்ட் என்ற ஆணையால் யாராவது சொன்னால்தான் போகும். சொல்லாவிட்டால், ஓராண்டில் ஒவ்வொரு கெஸ்ட்டும் தான் எப்போதோ தொட்ட உச்சத்திலேயே நின்றுவிடும். மிச்சம் பிடித்ததெல்லாம் கணக்கில்தான் இருக்கும்.

நான் இசட்விஎம்மில் வேலை செய்பவன் அல்லன். அதே வகை மெயின்ஃப்ரேமில் லினக்ஸின் கேவிஎம் மெய்நிகராக்கத்தை வைத்து ஓட்டுகிறோம். அங்கே டிஸ்கார்ட் செய்தி மேலிருந்து கீழே இறங்க எத்தனை படி என்று பாருங்கள். கெஸ்ட்டுக்குள், காலி இடத்தைக் கீழே அறிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளை ஓட வேண்டும். கெஸ்ட்டின் மெய்நிகர் வட்டான விர்ட்டியோ அதை ஏற்க வேண்டும், விர்ட்டியோ-பிளாக்குக்கு இந்த வசதி லினக்ஸ் 5.0, கியூஇஎம்யூ 4.0 தொட்டுத்தான் வந்தது. மேலாண்மைக் கருவியான லிப்விர்ட்டில் வட்டின் டிஸ்கார்ட் அமைப்பு அன்மேப் என்று இருக்க வேண்டும். கெஸ்ட்டுக்கு வட்டாக இருக்கும் கியூகவ்2 கோப்பு அதை வாங்கி, தான் இருக்கும் கோப்பு முறைமையில் துளையிட வேண்டும். அதன் பிறகு ஹோஸ்ட்டில் இன்னொரு எஃப்எஸ்ட்ரிம் ஓடி, அது லன் (சேமிப்பகம் தரும் வட்டு) வரை அன்மேப்பாகப் போய்ச் சேர வேண்டும். ஒரு படி வாயை மூடிக்கொண்டால் போதும், அதற்குக் கீழே யாருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் இடத்தில் கியூகவ்2 தின், அதன் கீழே எல்விஎம் தின் பூல், அதன் கீழே சேமிப்பகத்திலும் தின் என்று மூன்றடுக்கு வைத்திருந்தார்கள். மூன்று இடத்திலும் மூன்று விதமான நிரம்பல் விழுக்காடு. எதை நம்புவது என்று தெரியாமல் ஒரு மாதம் ஓடியது. இப்போது ஹோஸ்ட்டில் முழு ஒதுக்கீடு, கெஸ்ட்டில் ரா வட்டு, பெட்டியில் மட்டும் தின். ஓர் அடுக்கில் மட்டும் மெலிவு இருந்தால் ஓர் எண்ணைப் பார்த்தால் போதும்.

தென்காசிச் சாரல் | திங்கள், மாலை 6.30

சேமிப்பகப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முருகன்குறிச்சியான் சொல்வது ஐபிஎம்மின் டிஎஸ்8000 வகைச் சேமிப்பகப் பெட்டியில் இஎஸ்இ என்ற தின் வால்யூம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். ஈசிகேடி வட்டுகளுக்கு, அதாவது 3390 போன்ற மெயின்ஃப்ரேம் வட்டுகளுக்கு, தின் என்றால் பெரும்பாலும் அதுதான்.

இஎஸ்இ வால்யூமை உருவாக்கும்போது பூலிலிருந்து அதற்கு எதுவும் கொடுக்கப்படுவதில்லை. ஒரு ட்ராக்கில் (சிலிண்டரின் ஒரு பகுதி) முதன்முதலாக எழுதும்போது அந்த ட்ராக் விழும் எக்ஸ்டென்ட் என்ற இடத்துண்டு முழுவதும் கொடுக்கப்படும். எக்ஸ்டென்ட் இரண்டு அளவில் வரும்: பெரியது 1,113 சிலிண்டர், சிறியது 21 சிலிண்டர். 1,113 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பழைய 3390 மாடல் 1 வட்டின் அளவு அது, அதை ஒன்பதால் பெருக்கினால் மாடல் 9இன் 10,017. லினக்ஸ் கணக்கில் பெரிய எக்ஸ்டென்ட் 820 எம்பி, சிறியது 15.5 எம்பி. மாடல் 27 வட்டு ஒன்றில் மிகச் சரியாக 1,560 சிறிய எக்ஸ்டென்ட்டுகள் அடங்கும். தின்னுக்குச் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். பெரியதை எடுத்தால் ஒரு சிறு பதிவுக் கோப்பு போய் விழுந்த இடத்துக்காக 820 எம்பி போய்விடும். கோப்பு முறைமைகள் தங்கள் குறிப்புகளை வட்டு முழுக்கப் பரப்பி வைக்கும் இயல்புடையவை என்பதால் மிச்சம் என்று பேச ஒன்றும் இராது.

இனி லினக்ஸ் பக்கம். ஈசிகேடி வட்டை டிஏஎஸ்டிஎஃப்எம்டி கட்டளை கொண்டு வடிவமைத்த பிறகுதான் பயன்படுத்த முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வடிவமைப்பு ஒவ்வொரு ட்ராக்கிலும் எழுதும் வேலை. அதை அப்படியே தின் வட்டில் ஓட்டினால், ஒரு கோப்புகூட வைக்கும் முன்பே 1,560 எக்ஸ்டென்ட்டும் போய்விடும். 5.3 கர்னலில் தின் ஆதரவு வந்தபோது இதற்கு வழி செய்தார்கள். விரைவு முறையில் தொடக்க ட்ராக்குகளை மட்டும் எழுதிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடலாம். பிறகு வடிவமைக்காத ட்ராக்கைப் படிக்கக் கேட்டால் டிரைவர் சுழியங்களைத் திருப்பித் தரும். அதில் எழுதக் கேட்டால் அந்த ட்ராக்கை அந்த நேரத்திலேயே வடிவமைத்துவிட்டு எழுத்தை மறுபடி அனுப்பும். முதல் எழுத்து சற்றே தாமதமாகும். அடுத்ததிலிருந்து வேறுபாடு தெரியாது.

மேலப்பாளையத்தான் எழுப்பிய டிஸ்கார்ட் விஷயத்தில் ஈசிகேடிக்காரர்களுக்கு ஒரு கசப்பு இருக்கிறது. நாங்கள் ஓட்டும் கர்னல்களில் இந்த வட்டுகள் மீது எஃப்எஸ்ட்ரிம் ஓட்டினால் ஆதரவில்லை என்ற பதில்தான் வருகிறது. வட்டை மறுபடி வடிவமைக்கும்போது இடத்தை விடுவிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பு முறைமைக்குள்ளிருந்து துண்டு துண்டாக விடுவிக்க வழியில்லை. ஈசிகேடிக்குப் பதிலாக எஃப்சிபி வழியே ஸ்கசி லன் கொடுத்தால், சேமிப்பகம் அன்மேப் ஏற்குமானால், எஃப்எஸ்ட்ரிம் வேலை செய்யும். தற்காலிகக் கோப்புகளை எழுதி எழுதி அழிக்கும் கெஸ்ட் எதுவென்று முதலில் கண்டுபிடித்து, அதைத் தின்னில் சேர்க்காமல் முழு ஒதுக்கீட்டிலேயே விட்டுவிடுவது என் வழக்கம்.

வண்ணார்பேட்டை இணைப்பு | திங்கள், இரவு 9.10

இடத்தைப் பற்றிப் புரிந்தது. மேலாளர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இன்னும் விடை வரவில்லையே. மினிடிஸ்க்கை எம்டபிள்யூ (பலரும் எழுதும்) முறையில் 40 கெஸ்ட்டுகளும் லிங்க் செய்துகொள்ள இசட்விஎம் அனுமதிக்கிறது. அனுமதிக்கிறது என்றால் செய்யலாம் என்றுதானே பொருள்?

அம்பை அண்ணாச்சி | செவ்வாய், காலை 6.50

சிபி அனுமதிப்பது வட்டின் சிலிண்டர்களைத்தான்; அதற்குள் என்ன கோப்பு முறைமை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அது முயல்வதும் இல்லை. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் வட்டு தமக்கு மட்டுமே சொந்தம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. எந்த பிளாக் காலி என்ற குறிப்பை ஒவ்வொரு கெஸ்ட்டும் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யும். காலையில் இருவர் ஏற்றினால், மாலைக்குள் ஒரே பிளாக்கை இருவரும் வெவ்வேறு கோப்புக்குக் கொடுத்திருப்பார்கள். பிழைச் செய்தி உடனே வராது என்பதுதான் இதில் மோசம். பத்து நாள் கழித்து, கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே ஓட்டும்போது லாஸ்ட்-ஃபவுண்டில் ஆயிரக்கணக்கில் கோப்புகள் குவியும். நான் பார்த்திருக்கிறேன்.

பலர் எழுத வேண்டுமென்றால் அதற்கென்றே எழுதப்பட்ட ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் கோப்பு முறைமை வேண்டும். அதற்குப் பூட்டுகளைப் பேணும் ஏற்பாடு வேண்டும், தொங்கிப்போன கெஸ்ட்டை வெளியே தள்ளும் ஃபென்சிங் வேண்டும்; இசட்விஎம்முக்கு அந்த ஏஜென்ட்டும் இருக்கிறது. 40 கெஸ்ட்டுகளுக்கு, அதுவும் ஒரு செயலிக் கோப்புறைக்காக, அந்தச் சுமையை நான் தூக்க மாட்டேன். எல்விஎம் தின் பூலைப் பல கெஸ்ட்டுகளில் ஒரே நேரத்தில் இயக்கலாம் என்று எங்காவது படித்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். தின் பூல் ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டுமே இயங்க வேண்டியது. எந்த பிளாக் யாருக்கு என்ற வரைபடம் அங்கே ஒருவர் கையில்தான் இருக்க முடியும்.

முருகன்குறிச்சியான், அந்தக் கோப்புறையில் இயங்கும்போது யாராவது எழுதுகிறார்களா என்று முதலில் பாருங்கள். எழுதவில்லை என்றால் வேலை எளிது. ஒரு மினிடிஸ்க்கில் நிறுவி, எல்லாக் கெஸ்ட்டுகளுக்கும் ஆர்ஆர் முறையில், படிக்க மட்டும் கொடுத்துவிடுங்கள். 40 பிரதிக்கு ஒரு பிரதி. இசட்விஎம்மின் மினிடிஸ்க் கேஷிலும் ஒரே பிரதிதான் நிற்கும். ஆனால் கெஸ்ட்டுகள் படித்துக்கொண்டிருக்கும்போது அதே வட்டைப் பராமரிப்புக் கெஸ்ட்டில் திறந்து புதிய பதிப்பை எழுதிவிடாதீர்கள். படிப்பவர் பழைய குறிப்பை நினைவகத்தில் வைத்துக்கொண்டு புதிய பிளாக்கைப் படிப்பார், குப்பைதான் வரும். இரண்டு மினிடிஸ்க் வையுங்கள். ஒன்று ஓடும்போது மற்றொன்றில் புதிய பதிப்பை எழுதி, ஒழுங்காக அன்மவுண்ட் செய்து, கெஸ்ட்டுகள் அடுத்த முறை எழும்போது அதை லிங்க் செய்யட்டும். இந்த மாற்றுமுறையில் 20 ஆண்டு ஓட்டியிருக்கிறேன்.

எழுத வேண்டிய பொதுத்தரவு கொஞ்சம் இருந்தால் ஒரு கெஸ்ட்டை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) சர்வராக வையுங்கள். மெயின்ஃப்ரேமுக்குள்ளேயே விஸ்விட்ச் அல்லது ஹைப்பர்சாக்கெட் என்ற உள் நெட்வொர்க் வழியாகப் போகும் என்பதால் கம்பியைத் தொடாது. என்எஃப்எஸ் அழகான விடை அன்று. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பார்த்தாலும் எது எங்கே இருக்கிறது என்று புரியும்.

முருகன்குறிச்சியான் | செவ்வாய், மாலை 4.20

மிகவும் நன்றி அண்ணாச்சி. பார்த்துவிட்டேன். செயலியின் நிரல்கள் 6 ஜிபி, அதில் யாரும் எழுதுவதில்லை. பதிவுகளும் அமைப்புக் கோப்புகளும் மட்டும் அந்தந்தக் கெஸ்ட்டுக்குத் தனியாக வேண்டும். ஆகவே ஆர்ஆர் மினிடிஸ்க் போதும்.

இப்போது மிஞ்சியிருப்பது 1.5 டிபி போதுமா என்பதுதான். பூல் நிரம்பிவிட்டால் என்ன நடக்கும் என்பதை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? கையேட்டில் ஒரு பத்தி இருக்கிறது, அதைப் படித்தால் பயம் வரவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

தென்காசிச் சாரல் | செவ்வாய், இரவு 11.00

நான் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

ஆனித் தேரோட்டத்துக்கு முந்தைய நாள். டவுனில் கீழ ரத வீதிக்கு இரண்டு தெரு தள்ளிச் சித்தி வீடு. விடிந்தால் தேர் பார்க்க வேண்டும் என்று மாலையே வந்துவிட்டேன். இரவு பதினொன்றே கால் மணிக்கு அழைப்பு. "எந்தக் கெஸ்ட்டிலும் லாகின் ஆகவில்லை, ஆனால் எதுவும் விழவில்லை" என்றான் பணியில் இருந்த பையன். அந்த வாக்கியத்தை அப்போது நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. நெட்வொர்க் என்று நினைத்து அரை மணி நேரம் வீணாக்கினேன். பிங் போகிறது, எஸ்எஸ்எச் கடவுச்சொல் கேட்கிறது, அதன் பிறகு அப்படியே நிற்கிறது. ஏற்கெனவே திறந்திருந்த ஒரு கன்சோலில் லோடு ஆவரேஜ் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, சிபியு சும்மா இருக்கிறது. கர்னல் செய்திகளை டிமெசெக்கில் பார்த்தபோதுதான் எக்ஸ்டென்ட் பூல் தீர்ந்துவிட்டது என்ற வரி கண்ணில் பட்டது.

ஈசிகேடி டிரைவர் இந்த இடத்தில் பிழை கொடுப்பதில்லை. இடம் இல்லை என்று பெட்டி சொன்னதும் அந்த வட்டுக்கான எழுத்துகளை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கோப்பு முறைமைக்கு எதுவும் தெரியாது. எழுத்து முடியட்டும் என்று அதுவும் காத்திருக்கும். தரவு கெடாது என்பது நல்லது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மரணமா உறக்கமா என்று தெரியாது.

காரணம் என்ன தெரியுமா? இரவு 10 மணிக்குத் தானாக ஓடும்படி வைத்த ஒரு க்ரான் வேலை. பழைய நாட்களில் இசட்விஎம்மின் வட்டு நகல் கருவியான டிடிஆர் கொண்டு வட்டைச் சுருக்கி டேப்பில் எடுக்கும்போது நன்றாகச் சுருங்கட்டும் என்று, காலி இடம் முழுவதும் சுழியம் நிரப்பிய ஒரு கோப்பை எழுதி உடனே அழித்துவிடுவார்கள். நல்ல பழக்கம்தான், முழு ஒதுக்கீட்டு வட்டில். அந்த ஸ்கிரிப்ட் தாய்ப் படிமத்திலேயே இருந்திருக்கிறது. அதிலிருந்து பிரதியெடுத்த 11 கெஸ்ட்டுகளுக்கும் போய்விட்டது. ஒவ்வொன்றிலும் காலியாக இருந்தது ஏறக்குறைய 50 ஜிபி. பதினொன்றும் ஒரே நேரத்தில் 550 ஜிபி சுழியத்தை எழுதப் புறப்பட்டன. பூலில் இருந்த மிச்சம் 400 ஜிபி. தின் வட்டைப் பொறுத்தவரை சுழியமும் எழுத்துத்தான், அது இடம் கேட்கும்.

அதே பூலில் இருந்த மற்றக் கெஸ்ட்டுகள் என்ன பாவம் செய்தன? ஒன்றும் இல்லை. புதிய எக்ஸ்டென்ட் ஒன்று தேவைப்பட்ட நொடியில் அவையும் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணாச்சி சொன்ன கடைமடை அன்றைக்கு அதுதான்.

பூலில் கூடுதல் ரேங்க் (வட்டுத் தொகுதி) சேர்த்ததும், நின்ற எழுத்துகள் தாமாகவே மறுபடி ஓடத் தொடங்கின. ஒரு கெஸ்ட்டையும் மறுபடி எழுப்ப வேண்டியிருக்கவில்லை. ஆனால் செயலிகளின் டைம்அவுட்களைச் சரிசெய்து முடிக்க விடிந்துவிட்டது. தேர் நகரும் சத்தம் சன்னல் வழியே கேட்டது. நான் மடிக்கணினியை மூடவில்லை.

பூலுக்கு எச்சரிக்கை அளவு ஒன்று வைத்திருந்தோம். அந்த எச்சரிக்கை வந்தும் இருந்தது. யாரும் படிக்காத ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு.

மேலப்பாளையத்தான் | புதன், காலை 8.15

சாரல் அக்கா எழுதியதோடு எல்விஎம் தின் பூலை ஒப்பிட்டுப் பாருங்கள். அது நிரம்பினால் இயல்பாக 60 நொடி எழுத்துகளைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் யாரும் பூலைப் பெரிதாக்காவிட்டால் பிழையைத் திருப்பித் தரும். எக்ஸ்ட்4இன் ஜர்னலில் அந்தப் பிழை பட்டால் கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். தானாக வளரும் அமைப்பு இருக்கிறதே என்பார்கள். அதன் தொடக்க அளவு 100 விழுக்காடு என்றுதான் வைத்துத் தருகிறார்கள், அதாவது அணைத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் போய் 70 அல்லது 80 என்று குறைத்தால்தான் வேலை செய்யும். அதோடு மெட்டாடேட்டாவுக்குத் தனி இடம், தனி விழுக்காடு. தரவு பாதியில் இருக்கும்போதே மெட்டாடேட்டா நிரம்பி நின்ற பூலையும் பார்த்திருக்கிறேன்; அதை மீட்பது தரவு நிரம்புவதைவிடத் தொல்லையான வேலை.

1.5 டிபி போதுமா என்றால், இன்றைய 870 ஜிபியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அழித்த இடம் திரும்பாது என்பதால் ஒவ்வொரு கெஸ்ட்டும் கடந்த ஓராண்டில் தொட்ட உச்சத்தைக் கூட்டுங்கள். உங்களிடம் கண்காணிப்புப் பதிவுகள் இருக்கும் அல்லவா?

அம்பை அண்ணாச்சி | புதன், காலை 11.30

ஒரு சிறு எச்சரிக்கை. தின் வந்ததும் எல்லாருக்கும் கை நீண்டுவிடும். எழுதும்போதுதான் இடம் போகும் என்பதால் மாடல் 27 மூன்றுக்குப் பதிலாக 2,62,668 சிலிண்டர் கொண்ட ஈஏவி என்ற பெரிய வட்டு ஒன்று, 193 ஜிபி, கொடுத்துவிடலாம் என்பார்கள். ஈசிகேடியில் ஒரு வட்டு முகவரிக்கு ஒரு நேரத்தில் ஓர் ஐஓதான் போகும். மூன்று வட்டாக இருந்தபோது மூன்று வாசல். ஒன்றாக்கியதும் ஒரே வாசலில் வரிசை. ஒரே வட்டுக்குக் கூடுதல் வாசலாகும் ஹைப்பர்பிஏவி மாற்று முகவரிகளைக் கெஸ்ட்டுகளுக்குக் கொடுத்த பிறகு வட்டைப் பெரிதாக்குங்கள். இல்லையென்றால் மூன்றாகவே இருக்கட்டும்.

வண்ணார்பேட்டை இணைப்பு | புதன், பகல் 1.00

எம்டபிள்யூ பற்றிக் கேட்டவன் நான்தான். எங்கள் சோதனைக் கெஸ்ட்டுகள் இரண்டில் அப்படி ஒரு வட்டு ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. நேற்று இரவு அண்ணாச்சியின் பதிலைப் படித்துவிட்டு எஃப்எஸ்சிகே ஓட்டினேன். வேறு எதுவும் சொல்வதற்கில்லை.

முருகன்குறிச்சியான் | அடுத்த திங்கள், காலை 9.45

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் இதுவரை நடந்ததை எழுதுகிறேன். ஓராண்டு உச்சங்களைக் கூட்டினால் 1.31 டிபி வந்தது. 1.5 போதாது என்று சொல்லி 2 டிபியாகக் கேட்டேன், 1.8 தந்தார்கள். அறிக்கைக் கெஸ்ட்டுகள் இரண்டு, நாள்தோறும் 30 ஜிபி எழுதி அழிப்பவை, முழு ஒதுக்கீட்டிலேயே இருக்கும். பூல் எச்சரிக்கை 75 விழுக்காட்டில், மின்னஞ்சலுக்கு அல்ல, பணியில் இருப்பவரின் கைப்பேசிக்கு வரும். க்ரான்களையும் தேடினேன், சாரல் அக்கா சொன்ன அதே சுழிய ஸ்கிரிப்ட் எங்கள் தாய்ப் படிமத்திலும் இருந்தது. நீக்கிவிட்டேன்.

சனிக்கிழமை ஆறு கெஸ்ட்டுகளை மாற்றினோம். புதிய இஎஸ்இ வட்டை விரைவு முறையில் வடிவமைத்து, கோப்புகளாக ஆர்சிங்க் செய்தோம். எல்எஸ்டிஏஎஸ்டியின் விரிவான பட்டியலில் பார்த்தால் பெரும்பாலான வட்டுகளில் 32,760 சிலிண்டர்களில் 9,000 முதல் 11,000 வரை எடுத்திருக்கிறது. ஒன்றில் 9,681, அதாவது 461 எக்ஸ்டென்ட். ஆனால் ஐந்தாவது கெஸ்ட்டின் இரண்டாம் வட்டு மட்டும் 32,760க்கு 32,760. குழுவில் ஒருவர் நேரத்தை மிச்சப்படுத்த அந்த ஒன்றை மட்டும் பழைய வட்டிலிருந்து டிடிஆர் கொண்டு முழுதாக நகலெடுத்திருக்கிறார். கெஸ்ட் நன்றாக ஓடுகிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது தின் வட்டு என்று பெயரளவில்தான்.

இன்று இரவு அந்த வட்டை மறுபடி வடிவமைத்துக் கோப்புகளை மட்டும் நகலெடுக்கப் போகிறேன்.

தென்காசிச் சாரல் | அடுத்த திங்கள், காலை 10.05

வடிவமைக்கும்போது இடத்தை விடுவிக்க வேண்டாம் என்ற விருப்பம் எங்காவது ஸ்கிரிப்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் நகலெடுக்கும் முன் ஒதுக்கிய சிலிண்டர்களின் எண்ணிக்கையை ஒருமுறை பாருங்கள். இரண்டிலக்கத்தைத் தாண்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.